வீடு வாங்குறதுக்கு முன்னாடி பாட்டியைப் பத்தி ஒரு கேள்வி

இன்னிக்கு மாத்திரை பத்தி எழுதல. பத்திரம் பத்தி எழுதறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். வீடு வாங்கப் போறவங்க, விக்கப் போறவங்க, அப்பா பேர்ல இருக்கிற வீட்டை "அப்புறம் பாத்துக்கலாம்"னு அப்படியே விட்டு வச்சிருக்கிறவங்க, எல்லாரும் படிக்கலாம்.

நான் வக்கீல் இல்லை. பொது மருத்துவர். ஆனா ஓபில உக்காந்திருக்கிறவனுக்கு ஊர்ல இருக்கிற சொத்துத் தகராறு பூரா ரத்தக் கொதிப்பாவும் தூக்கமின்மையாவும் வந்து சேருது. மாத்திரையை மூணு தடவை மாத்தி எழுதியும் பிபி குறையாத ஆளைப் பார்த்து "வீட்ல ஏதும் பிரச்சினையா?"னு கேட்டா, பாதிப் பேர் சொல்ற பதில் "இடத்துல ஒரு கேஸ் ஓடுது சார்". அதுக்கு என்கிட்ட மருந்து கிடையாது.

எங்க மருத்துவமனையில 16 வருஷமா வேலை பாக்குற ஒரு சிஸ்டர். மதுரைக்கு வெளிய ஒரு பழைய வீடு பாத்திருந்தாங்க. இரண்டே முக்கால் சென்ட் இடம், மேல ஓட்டுக்குப் பதிலா பின்னாடி தளம் போட்ட வீடு. விலை 38 லட்சம். கையிருப்பு, நகை, வீட்டுக்காரரோட பிஎஃப் பணம், மீதிக்கு பேங்க் லோன். அதாவது ரெண்டு பேரோட மொத்த உழைப்பு. விக்கிறவரும் எனக்குத் தெரிஞ்சவர்தான், என்கிட்ட சர்க்கரைக்குப் பாக்குறவர். கால் புண்ணுக்கு ஆபரேஷன் பண்ணின கடன், மகளோட படிப்புக் கடன். அவருக்கும் சீக்கிரம் வித்தாகணும். ரெண்டு பக்கமும் நல்ல மனுஷங்க. இதை ஏன் சொல்றேன்னா, சொத்துச் சிக்கல்னாலே யாரோ ஏமாத்துறாங்கன்னு நாம நினைச்சுக்கிறோம். இங்க யாரும் யாரையும் ஏமாத்தல.

வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்னிக்கு 50,000 டோக்கன் அட்வான்ஸ். புரோக்கர் "டாக்குமெண்ட் கண்ணாடி மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டார். ஃபைலும் பார்க்க அப்படித்தான் இருந்துச்சு. 1986ல அப்பா கிரயம் வாங்கின பத்திரம், அதுக்கு முந்தின தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது. அப்பா 2004ல இறந்துட்டார், உயில் இல்லை. வாரிசுச் சான்றிதழ்ல நாலு பேர்: அம்மா, ரெண்டு மகன், ஒரு மகள். நாலு பேரும் கையெழுத்துப் போடத் தயார். மகள் உட்பட.

"வக்கீல் கிட்ட ஒரு தடவை காட்டிட்டு அட்வான்ஸ் குடும்மா"ன்னு எனக்குத் தெரிஞ்ச ஒரு சிவில் வக்கீல் கிட்ட அனுப்பினேன். அவர் ஃபைலைப் புரட்டிட்டு கேட்டது ஒரே கேள்வி. "2004ல அப்பா இறந்தப்ப, அவரோட அம்மா உயிரோட இருந்தாங்களா?"

இருந்தாங்க. பாட்டி 2011லதான் இறந்தாங்க.

ஓபில நாங்க கேக்குற குடும்ப வரலாறு மாதிரிதான் இது. "அப்பாவுக்கு சுகர் உண்டா, அம்மாவுக்கு உண்டா?" நோயாளி காலைக் காட்டிட்டு நிப்பார், நாம குடும்பத்தைக் கேட்போம்.

விஷயம் இதுதான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி (1956) ஒரு ஆண் உயில் எழுதாம இறந்தா, அவர் சுயமா சம்பாதிச்ச சொத்துல மனைவி, மகன், மகளோட சேர்த்து அவரைப் பெத்த அம்மாவுக்கும் ஒரு சம பங்கு உண்டு. மகனை இழந்த தாய் முதல் வரிசை வாரிசு. (இறந்தவரோட அப்பா அந்த வரிசையில இல்லை, கவனிச்சுக்கோங்க.) ஆக இந்த வீடு நாலு பங்கு இல்லை, அஞ்சு பங்கு. பாட்டிக்கு ஐந்தில் ஒன்று.

சரி, பாட்டிதான் போயிட்டாங்களேன்னு கேக்கலாம். அவங்க போனதும் அந்தப் பங்கு அவங்க பிள்ளைகளுக்குப் போகும். பாட்டிக்கு நாலு பிள்ளைங்க: இறந்துபோன இந்த அப்பா, ஒரு சித்தப்பா, ரெண்டு அத்தை. ஆளுக்கு இருபதில் ஒன்று. அப்பாவோட பாகம் அவர் பிள்ளைகளுக்கே வந்துடும். ஆனா சித்தப்பாவுக்கும் ரெண்டு அத்தைக்கும் சேர்த்து வீட்டுல இருபதில் மூணு பங்கு இருக்கு. 38 லட்சத்துக்கு அது 5 லட்சத்து 70 ஆயிரம்.

வாரிசுச் சான்றிதழ்ல ஏன் பாட்டி பேர் இல்லை? விண்ணப்பிக்கும்போது யாரும் சொல்லல, அவ்வளவுதான். வீட்டு மூலையில கட்டில்ல இருந்த கிழவிக்கு சொத்துல பங்கு இருக்குன்னு யாருக்கும் தோணல. கெட்ட எண்ணம் இல்லை. அவங்களுக்கே தோணியிருக்காது.

இதைத் தெரியாம சிஸ்டர் வாங்கியிருந்தா என்ன ஆகும்? பத்திரப் பதிவு நடந்திருக்கும். சார்பதிவாளர் ஆபீஸ் குடும்ப மரத்தை ஆராய்ச்சி பண்ற இடம் இல்லை. ஆனா விக்கிறவங்க கிட்ட இருக்கிற பங்கு மட்டும்தான் வாங்கினவங்களுக்கு வரும். மீதி மூணு பங்குக்கு முன்பின் தெரியாத சித்தப்பாவும் அத்தைகளும் கூட்டுச் சொந்தக்காரங்க. நாளைக்கு அவங்களோ அவங்க பிள்ளைகளோ பாகப்பிரிவினை வழக்குப் போட்டா, கோர்ட்டு வாசல்ல நிக்கிறது சிஸ்டர். இஎம்ஐயும் அவங்கதான் கட்டிக்கிட்டு இருப்பாங்க.

விக்கிறவர் என் ரூமுக்கு வந்து கத்திட்டுப் போனார். "இருவது வருஷமா அந்த வீட்டு ஓட்டை மாத்தினது நான், வரி கட்டினது நான். ஒரு தீவாளிக்கு எட்டிப் பாக்காதவங்களுக்கு நான் போய்ப் பங்கு குடுக்கணுமா சார்?" அவர் ஆதங்கம் புரியுது. ஆனா வரி ரசீது பங்கைக் கூட்டாது.

இன்னொரு முடிச்சும் இருந்துச்சு. சின்ன அத்தை 2019ல இறந்துட்டாங்க. அவங்க பங்கு அவங்க வீட்டுக்காரர், ஒரு மகன், ஒரு மகள்னு மூணாப் பிரிஞ்சது, ஆளுக்கு 63 ஆயிரத்துச் சொச்சம். அதுல மகன் துபாயில. ஆக நாலு கையெழுத்துல முடியும்னு நினைச்சது ஒன்பது கையெழுத்து ஆச்சு. துபாய்ல இருக்கிற பையன் அங்க இந்தியத் தூதரகத்துல பவர் பத்திரம் போட்டு அனுப்பினார். அப்படி வெளிநாட்டுல எழுதின பவர் இங்க வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள்ள முறைப்படி முத்திரைத் தீர்வை கட்டணும், அதுவும் நடந்துச்சு. சித்தப்பா "எனக்குப் பணம் வேணாம், அண்ணி கையால ஒரு வாய் சோறு போதும்"னு கையெழுத்துப் போட்டார். பெரிய அத்தை 1 லட்சத்து 90 ஆயிரத்தையும் எண்ணி வாங்கிக்கிட்டாங்க. ஊர்ல அதைத் தப்பாப் பேசினாங்க. அது அவங்க அம்மாவோட பங்கு, இதுல தப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல.

அஞ்சு மாசம் தள்ளிப் போச்சு. ஆனா ஒன்பது பேரும் ஒரே பத்திரத்துல விற்பனையாளரா வந்தாங்க.

இது இந்துக்களுக்கான கணக்கு. கிறிஸ்தவர்னா 1925 வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி, பிள்ளைங்க இருந்தா அம்மாவுக்கு இல்லை. முஸ்லிம் குடும்பத்துல பிள்ளைங்க இருந்தாலும் இறந்தவரோட தாய்க்கு ஆறில் ஒரு பங்கு உண்டு. அதனால "அவங்க வீட்ல அப்படி முடிச்சாங்க, நாமளும் அப்படியே"ன்னு போகாதீங்க.

வில்லங்கச் சான்று பத்தி ஒரு வார்த்தை. பதிவுத்துறை இணையதளத்துல காசு இல்லாமலே பாத்துக்கலாம், கட்டாயம் பாருங்க. ஆனா அது எக்ஸ்ரே மாதிரி. எலும்பு தெரியும், எல்லாம் தெரியாது. பதிவான ஆவணம் மட்டும்தான் அதுல ஏறும். பதிவு செய்யாத உயில் ஏறாது. மேல சொன்ன பாட்டி பங்கு ஏறாது. கடன் குடுத்தவர் கிட்ட ஒரிஜினல் பத்திரத்தைக் குடுத்துட்டுக் கைமாத்தா வாங்கின பணம் ஏறாது. அதனால ஜெராக்ஸைப் பாத்து மயங்காம "ஒரிஜினல் எங்க இருக்கு, கையில குடுங்க பாக்கலாம்"னு கேளுங்க. பேங்க்ல இருக்குன்னா எந்த பேங்க், எவ்வளவு பாக்கின்னு எழுத்துல வாங்குங்க. கடனை முழுசா அடைச்சா 30 நாளுக்குள்ள ஒரிஜினலைத் திருப்பித் தரணும், பேங்க் தாமதிச்சா ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் தரணும்னு ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர்ல இருந்து இருக்கு. விக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சிருந்தா நல்லது. அடமானத்தைப் பதிவு பண்ணியிருந்தா, அதை ரத்து செய்ற ரசீதையும் பதிவு பண்ணி வாங்கணும், இல்லேன்னா வில்லங்கத்துல அது அப்படியே நிக்கும்.

பட்டா இருக்குல்ல, அப்புறம் என்னன்னு கேக்குறவங்களுக்கு: பட்டா வருவாய்த்துறை ஆவணம். யார் பேர்ல கணக்கு ஓடுதுன்னு காட்டும். உரிமையைத் தர்றது பத்திரமும் வாரிசுரிமையும்தான். ஆனா பட்டா இல்லாத பத்திரமும் தலைவலி. ரெண்டும் ஒத்துப் போகணும், சர்வே நம்பர், உட்பிரிவு, பரப்பு எல்லாம். புல வரைபடத்தை எடுத்துக்கிட்டு சர்வேயரை வச்சு ஒரு தடவை அளந்துடுங்க. பத்திரத்துல இரண்டே முக்கால் சென்ட், தரையில இரண்டரைன்னா அந்தக் கால் சென்ட் பக்கத்து வீட்டுச் சுவருக்குள்ள இருக்கும்.

மனைன்னா அங்கீகாரம் கேளுங்க. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது, 2017ல வரன்முறைத் திட்டம் வந்துச்சு. 2016 அக்டோபர் 20க்கு முந்தின மனைப்பிரிவுகளுக்குத்தான் அது. "வரன்முறை பண்ணிக்கலாம் சார்"ங்கிற வாய்வார்த்தைக்கு விலை குடுக்காதீங்க, உத்தரவு நகல் வாங்குங்க. புது அடுக்குமாடின்னா ரெரா பதிவு எண். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணாம விலையில 10 சதவீதத்துக்கு மேல பில்டர் வாங்கக் கூடாதுன்னு ரெரா சட்டத்துலயே இருக்கு.

எங்க பக்கத்துல இன்னொண்ணு, ஒத்தி. வீட்டுல குடியிருக்கிறவர் மாச வாடகைக்கா, ஒத்திக்கான்னு நீங்களே நேர்ல போய் அவர்கிட்ட கேளுங்க. மூணு லட்சம் ஒத்திப் பணம் வாங்கியிருப்பாங்க, அதை யார் திருப்பிக் குடுக்கிறதுன்னு கிரயம் முடிஞ்ச பிறகு பேசினா சண்டைதான்.

அப்புறம் பணம். "பத்திரத்துல வழிகாட்டி மதிப்புக்குப் போட்டுக்கலாம், மீதி கையில"ன்னு ஒரு பேச்சு எல்லா பேரத்துலயும் வரும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 38 லட்சத்துக்கு 3 லட்சத்து 42 ஆயிரம். வலிக்கத்தான் செய்யும். ஆனா சொத்து பேரத்துல 20,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா முன்பணம் வாங்கினா, வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வருமான வரித்துறை போடலாம். அதாவது ஆபத்து முதல்ல விக்கிறவருக்கு. வாங்குறவருக்கு வேற மாதிரி வரும்: பத்திரத்துல குறைச்சுக் காட்டினா லோன் குறையும், நாளைக்கு அவர் விக்கும்போது லாபம் பெருசாத் தெரிஞ்சு வரி கூடும், பேரம் முறிஞ்சா கையில குடுத்த பணத்துக்குச் சாட்சியே கிடையாது. சிஸ்டர் முழுத் தொகையும் பேங்க் வழியாவே குடுத்தாங்க. விலை 50 லட்சத்துக்கு மேல போனா 1 சதவீதம் வரி பிடிச்சுக் கட்ட வேண்டியது வாங்குறவரோட வேலை. விக்கிறவர் வெளிநாட்டுவாழ் இந்தியர்னா கணக்கே வேற, பிடித்தம் ரொம்ப அதிகம், கட்டாயம் ஆடிட்டர் கிட்ட போங்க.

விக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. முழுப் பணம் வர்ற வரைக்கும் சாவியைக் குடுக்காதீங்க. "பெயிண்ட் மட்டும் அடிச்சுக்கிறோம்"னு வந்து அடுப்பு மூட்டிட்டா, அப்புறம் அவங்களை வெளிய அனுப்ப நீங்க வழக்குப் போடணும். ஒப்பந்தத்துல கெடு தேதி எழுதுங்க, அட்வான்ஸ் எப்போ திரும்பும், எப்போ திரும்பாதுன்னும் எழுதுங்க.

இப்போ நான் டாக்டரா சம்பந்தப்படுற இடத்துக்கு வர்றேன். பவர் ஏஜென்ட் மூலமா விக்கும்போது, பவர் குடுத்தவர் உயிரோட இருக்கார்னு மருத்துவர் சான்று கேப்பாங்க. காரணம், பவர் குடுத்தவர் இறந்த நிமிஷம் பொதுவா அந்தப் பவரும் செத்துப் போகும். என்கிட்ட வருஷத்துக்கு நாலஞ்சு பேராவது வந்து "ஆள் ஊர்ல இல்லை சார், நல்லாத்தான் இருக்கார், ஒரு கையெழுத்துதானே"ம்பாங்க. ஆளைப் பாக்காம நான் போடறதில்லை. போடுற யாராவது இருப்பாங்க. அதனால பவர்ல வாங்குறவங்க அந்தச் சான்றை மட்டும் நம்பாதீங்க, பவர் குடுத்தவர் கிட்ட நேர்லயோ வீடியோ கால்லயோ நீங்களே பேசுங்க. வெறும் பவரை வாங்கி வச்சுக்கிட்டு "வீடு என்னுது"ன்னு சொல்ற வழக்கத்தையும் உச்ச நீதிமன்றம் 2011லயே முடிச்சு வச்சிருச்சு. பதிவான கிரயப் பத்திரம் இல்லாம உரிமை மாறாது.

அதே மாதிரி முந்தின பத்திரங்கள்ல எங்கயாவது "மைனருக்காகத் தாயார்"னு கையெழுத்து இருக்கா பாருங்க. மைனர் பேர்ல இருக்கிற சொத்தை விக்க கோர்ட் அனுமதி வேணும். இல்லாம வித்திருந்தா, அந்தப் பிள்ளைக்கு 18 வயசு ஆகி மூணு வருஷம் வரைக்கும் அதை எதிர்த்து வழக்குப் போட உரிமை இருக்கு.

கடைசியா ஐசியூ. ஒரு மகன் ஸ்டாம்ப் பேடோட வந்து நின்னார். அப்பா வென்டிலேட்டர்ல, மயக்க மருந்துல இருக்கார். "சுயநினைவோட இருக்கார்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க சார், செட்டில்மெண்ட் பத்திரத்துல கைநாட்டு மட்டும் வச்சுக்கிறோம்." முடியாதுன்னேன். திட்டிட்டுப் போனார். அதே அப்பா ரெண்டு மாசம் முன்னாடி என் ஓபில நாற்காலியில உக்காந்து, முதலமைச்சர்ல ஆரம்பிச்சு ஐபிஎல் வரைக்கும் பேசினவர். அப்போ எழுதியிருந்தா ரெண்டு சாட்சிக் கையெழுத்தோட ஒரு உயில் போதும், பதிவுகூட கட்டாயம் இல்லை. பதிவு பண்ணினா நல்லது, நடக்க முடியாதவங்களுக்குச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு பண்ணவும் சட்டத்துல வழி இருக்கு. அப்பவே கேட்டிருந்தா, மனநிலை தெளிவா இருக்குன்னு நானே சந்தோஷமா எழுதிக் குடுத்திருப்பேன்.

அவர் மூணாவது நாள் இறந்தார். மனைவி, அஞ்சு பிள்ளைங்க. அதுல ரெண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லை. அவங்க அம்மா, 91 வயசு, இன்னும் உயிரோட இருக்காங்க.